18 வயதில் எங்கே ஆடுவது? கொல்கத்தாவில் கோப்பை வென்ற 21 பேரை வைத்து ஓர் ஒப்பீடு

2017 அக்டோபர் 28. கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் 66,684 பேர் பார்க்க, 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து முதலில் 2 கோல் பின்தங்கியது. முடிவில் ஸ்பெயினை 5-2 என்று வீழ்த்தியது. அதில் 2 கோல் ஃபில் ஃபோடனுடையது. தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்தும் அவருக்கே. 8 கோல் அடித்த ரியான் புரூஸ்டருக்குத் தங்கக் காலணி. அந்த அணியில் மொத்தம் 21 பையன்கள். பெரும்பாலோர் பெரிய கிளப்புகளின் அகாடமியில் வளர்ந்தவர்கள்.

ஒரே வயது, ஒரே பதக்கம். ஆனால் ஐந்தாறு வருடம் கழித்துப் பார்த்தால் ஒருவர் பிரீமியர் லீக் பதக்கங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் பிரீமியர் லீக்கில் ஒரு முழு சீசன் ஆடியும் ஒரு கோல்கூட அடிக்க முடியாமல் தவித்திருக்கிறார். வேறு சிலரைக் கண்டுபிடிக்கவே தேடவேண்டும். திறமையில் வித்தியாசம் இருந்தது, உண்மைதான். காயமும் சிலரை உலுக்கியது. ஆனாலும் 18 முதல் 21 வயது வரை யார் எங்கே, யாரிடம் ஆடினார் என்ற முடிவு இவர்கள் வாழ்க்கையில் எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்பது அவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். ஓர் ஆங்கிலேயக் கால்பந்து வீரரின் தொழில் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய முடிவு வேறில்லை.

முடிவெடுக்கும் நேரம் எப்படி வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடலாம். 16 வயதில் அகாடமி இரண்டு வருட ஸ்காலர்ஷிப் தரும். பயிற்சியோடு படிப்பும் உண்டு. 17 வயது நிறைந்தால் தொழில்முறை ஒப்பந்தம் போடலாம். 18 வயதில் ஸ்காலர்ஷிப் முடியும். அப்போது கையில் இருக்கக்கூடிய வழிகள் இவை: தாய் கிளப்பிலேயே (வளர்த்த கிளப்) தங்குவது, லோனில் போவது (ஒப்பந்தம் தாய் கிளப்போடு இருக்க, சில காலம் வேறு கிளப்புக்கு ஆடுவது), வெளிநாடு போவது, வேறு ஆங்கிலக் கிளப்புக்கு ஒரேயடியாக மாறுவது, கீழ் லீக்குகளில் இருந்து ஏறி வருவது. அமெரிக்கக் கல்லூரி என்று ஆறாவது ஒன்றும் இருக்கிறது.

தங்குவது

ஃபோடன் தங்கினார். கொல்கத்தாவிலிருந்து திரும்பிய ஒரு மாதத்துக்குள் சாம்பியன்ஸ் லீக்கில் ஃபெயனூர்ட் அணிக்கு எதிராக மான்செஸ்டர் சிட்டியின் முதல் அணியில் இறங்கினார். ஆனால் அந்த சீசன் முழுக்கப் பிரீமியர் லீக்கில் அவர் ஆடியது 5 ஆட்டம். லீக்கில் முதல் பதினொருவரில் ஒருவராகத் தொடங்கியது 2019 ஏப்ரலில்தான். 2020 இல் டேவிட் சில்வா கிளப்பை விட்டுப் போன பிறகே இடம் நிலையானது. மூன்று வருடம் பொறுத்திருந்தார். 2023-24 சீசனில் வீரர்கள் சங்கத்தின் ஆண்டின் சிறந்த வீரர் விருதை வாங்கினார்.

இதைக் காட்டித்தான் நிறையப் பையன்களைத் தங்கவைக்கிறார்கள். ஃபோடன் விஷயத்தில் இருந்த இரண்டு காரணங்களை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஒன்று, அவர் தினமும் முதல் அணியோடு பயிற்சி எடுத்தார். இரண்டு, அவர் இடத்தில் ஆடிய மூத்தவர் எப்போது போவார் என்பது ஏறக்குறையத் தெரிந்திருந்தது. இந்த இரண்டும் இல்லாமல் தங்கினால் மிஞ்சுவது 21 வயதுக்குட்பட்டோர் அணி மட்டுமே.

அந்த அணி ஆடும் பிரீமியர் லீக் 2 போட்டியில் ஒரு சீசனுக்கு 20 லீக் ஆட்டங்கள். அதே சீசனில் லீக் ஒன், லீக் டூ (பிரீமியர் லீக் முதல் அடுக்கு என்றால் இவை மூன்றாம், நான்காம் அடுக்கு) கிளப் ஒன்று 46 லீக் ஆட்டம் ஆடும். எண்ணிக்கையைவிடத் தரத்தில் உள்ள வேறுபாடு முக்கியம். இளையோர் ஆட்டத்தில் கீழிறக்கம் (கடைசி இடங்களில் முடித்தால் கீழ் அடுக்குக்குப் போவது) கிடையாது, காலரி காலி, எதிரே நிற்பவனுக்கும் 19 வயதுதான். 32 வயதுத் தடுப்பாட்டக்காரர் கார்னர் கிக்கில் முழங்கையை விலாவில் ஊன்றிக்கொண்டு நிற்கமாட்டார். ஒரு பாஸ் தப்பியதால் பத்துப் பேரின் போனஸ் போவதும் அங்கே கிடையாது. பயிற்சி மைதானத்தில் எவ்வளவு அழகாக ஆடினாலும், அந்த அழுத்தத்தில் ஆடிப் பழகாதவனைப் பிரீமியர் லீக் மேலாளர் நம்பி இறக்கமாட்டார்.

தங்கலாமா என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். பிரீமியர் லீக்கில் பெஞ்சில் 9 பேரை உட்கார வைக்கலாம், 5 பேரை மாற்றலாம். 19 வயதாகும் சீசனில் கிறிஸ்துமஸ் வரை அந்த 9 பேரில் எத்தனை முறை இடம் கிடைத்தது? வாரத்தில் எத்தனை நாள் முதல் அணிப் பயிற்சி? உன் இடத்தில் உனக்கு முன்னால் எத்தனை பேர், அவர்கள் ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது? முன்னால் இரண்டு பேருக்கு மேல் இருந்து, இருவருக்கும் மூன்று வருட ஒப்பந்தம் பாக்கி என்றால், பயிற்சியாளர் முதுகில் தட்டிக்கொடுப்பதை நம்பித் தங்கக்கூடாது.

தங்கி இழந்தவருக்கும் அந்த அணியிலேயே உதாரணம் இருக்கிறது. காலம் ஹட்சன்-ஒடோய் 2019 ஜனவரியில் பாயர்ன் மியூனிக் கேட்டும் செல்சியிலேயே இருந்தார். பிரீமியர் லீக்கில் ஒரு ஆட்டம்கூடத் தொடக்கத்திலிருந்து ஆடாத நிலையில் மார்ச்சில் இங்கிலாந்து தேசிய அணிக்கே ஆடிவிட்டார். அப்படி ஒரு திறமை. அடுத்த மாதமே குதிகால் தசைநாண் அறுந்தது. அந்த செப்டம்பரில் ஐந்து வருட ஒப்பந்தம் போட்டார். ஒப்பந்தம் நீண்டதே தவிர இடம் உறுதியாகவில்லை. லெவர்குசனுக்கு லோனில் போனபோது லீக்கில் ஒரு கோலும் இல்லை. 2023 இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அவரை வாங்கியது சுமார் 3 மில்லியன் பவுண்டுக்கு. பாயர்ன் தர முன்வந்த விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

லோன்: யார் கேட்டார் என்று கேள்

லோன் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை. எமில் ஸ்மித் ரோ ஒருவரே இரண்டுக்கும் சாட்சி. 2019 ஜனவரியில் ஆர்சனல் அவரை ஜெர்மனியின் லைப்சிக் அணிக்கு லோனில் அனுப்பியது. பெரிய பெயர், நவீனமான கிளப். இடுப்பு மடிப்புக் காயத்தோடு போனார். பாதி சீசனில் ஆடியது 3 ஆட்டம், அதுவும் மாற்று ஆட்டக்காரராக. சரியாக ஒரு வருடம் கழித்து, இரண்டாம் அடுக்கில் கீழிறக்கத்தோடு போராடிக்கொண்டிருந்த ஹடர்ஸ்ஃபீல்டுக்குப் போனார். 19 லீக் ஆட்டம். 2020 ஜூலை 17 அன்று வெஸ்ட் பிராம்விச்சுக்கு எதிராக 86 ஆவது நிமிடத்தில் அவர் அடித்த கோல்தான் ஹடர்ஸ்ஃபீல்டைக் காப்பாற்றியது. கொரோனா காலம், ஆட்டம் அடைத்த கதவுக்குள் நடந்தது. பார்வையாளர் ஒருவரும் இல்லை. ஆனால் ஒரு கிளப்பின் அடுத்த வருட வருமானம் அந்த உதையில் இருந்தது. அந்த டிசம்பர் 26 அன்று செல்சிக்கு எதிராக ஆர்சனலின் முதல் பதினொருவரில் இருந்தார். அந்த சீசனில் பிறகு அவரை வெளியே எடுக்க முடியவில்லை.

ஹடர்ஸ்ஃபீல்டுக்கு அவர் தேவைப்பட்டார், லைப்சிக்குக்குத் தேவைப்படவில்லை. வித்தியாசம் அவ்வளவே.

அந்த 21 பேரின் கதையில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பெயர் ஸ்டீவ் கூப்பர். கொல்கத்தாவில் அவர்களுடைய பயிற்சியாளர் அவர்தான். 2019 இல் ஸ்வான்சி மேலாளரானார். 2020 ஜனவரியில் மட்டும் அந்த அணியிலிருந்து மூன்று பேரை லோனில் எடுத்தார்: மார்க் கெஹி, கானர் கேலகர், புரூஸ்டர். ஆகஸ்டில் நான்காவதாக மார்கன் கிப்ஸ்-வைட். புரூஸ்டர் 22 ஆட்டத்தில் 11 கோல் அடித்தார். கெஹி ஒன்றரை சீசன் இருந்து நடுத்தடுப்பில் நிலைத்துவிட்டார். ஜனவரியில் போகும் லோன்கள் பெரும்பாலும் வீணாகும். சீசனுக்கு முந்தைய முன்பயிற்சிக் காலம் போய்விட்டிருக்கும், அணி அமைந்துவிட்டிருக்கும். இந்த மூன்றும் வீணாகாததற்குக் காரணம், மேலாளருக்கு இவர்கள் எந்தக் காலில் பந்தை வாங்குவார்கள் என்பதுவரை முன்பே தெரியும்.

அதனால் லோனுக்கு முன் கேட்கவேண்டிய முதல் கேள்வி: என்னைக் கேட்டது மேலாளரா, விளையாட்டு இயக்குநரா? இயக்குநர் மட்டும் கேட்டிருந்தால், மேலாளரோடு நேரில் பேசாமல் கையெழுத்துப் போடவே கூடாது. அடுத்து, அந்த மேலாளர் இன்னும் எத்தனை நாள் இருப்பார் என்று பார்க்கவேண்டும். இரண்டாம், மூன்றாம் அடுக்குகளில் நான்கு தோல்வி தொடர்ந்தால் மேலாளர் மாறுகிறார். புதியவர் வந்ததும் முதலில் பெஞ்சுக்குப் போவது லோன் பையன்தான். சொந்த வீரனை ஆடவைத்தால் அவன் விலை ஏறும்; கடன் வாங்கியவனை வளர்த்துவிட்டால் லாபம் அடுத்தவருக்கு. அதனால்தான் விவரமான தாய் கிளப்புகள், பையனை ஆடவைக்காவிட்டால் சம்பளத்தில் கூடுதல் பங்கைக் கட்டவேண்டும் என்று லோன் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகின்றன. இந்த விதி இருக்கிறதா என்று பையனின் முகவர் கேட்டு வாங்கவேண்டும்.

பலர் மாட்டிக்கொள்ளும் ஒரு விதி உண்டு. ஃபிஃபா விதிப்படி ஒரு சீசனில் மூன்று கிளப்பில் பதிவு செய்யலாம். ஆனால் இரண்டு கிளப்புக்குத்தான் அதிகாரபூர்வ ஆட்டம் ஆடமுடியும். ஆகஸ்டில் தாய் கிளப்புக்காக லீக் கோப்பையில் பத்து நிமிடம் இறங்கினாலே ஒரு கிளப் கணக்கில் ஏறிவிடும். பிறகு லோனில் ஒரு கிளப். அங்கே சரிவராமல் ஜனவரியில் திரும்ப அழைத்தால் மூன்றாவது கிளப்புக்கு ஆட வழியில்லை, மே வரை இளையோர் அணியோடுதான். கேலகர் 2019-20 இல் சார்ல்டனில் பாதி, ஸ்வான்சியில் பாதி என்று ஆடமுடிந்தது அந்த சீசனில் செல்சிக்கு அவர் ஆடாமல் இருந்ததால்தான். ஆகஸ்டில் கிடைக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்கு ஆசைப்படும் முன் இதை யோசிக்கவேண்டும்.

இன்னொன்று: இங்கிலாந்தில் பருவத்தின் நடுவே எப்போது வேண்டுமானாலும் எடுத்த அவசரகால லோன் 2016 இல் நின்றுவிட்டது. கோல்கீப்பருக்கு மட்டும் விதிவிலக்கு. மற்றவர்களுக்கு செப்டம்பர் தொடக்கத்தில் எடுத்த தவறான முடிவை ஜனவரி வரை திருத்தமுடியாது.

முதல் லோன் சரியாக அமையாவிட்டால் கதை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஹாரி கேனைப் பார்க்கவேண்டும். லேட்டன் ஓரியன்டில் 18 ஆட்டம், 5 கோல். மில்வாலில் 9 கோல், கீழிறக்கத்திலிருந்து அணி தப்பியது. மூன்றாவதாக நார்விச்: பாத எலும்பு முறிந்து ஏறக்குறைய எல்லாம் வீண். நான்காவதாக லெஸ்டர்: 13 லீக் ஆட்டம், 2 கோல், பல நாள் பெஞ்சில். 2014-15 இல் டாட்டன்ஹாமுக்கு 31 கோல். நான்கில் இரண்டு லோன் தோல்வி. ஆனாலும் ஒவ்வொன்றும் குறுகியது. தோற்றதும் அடுத்த இடத்துக்குப் போனார்.

இதற்கு எதிர்ப்பக்கம் டாட் கேன். செல்சி அவரை பிரெஸ்டன், பிளாக்பர்ன், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், நெதர்லாந்தின் நெய்மேகன், குரோனிங்கன், பிறகு ஆக்ஸ்ஃபர்டு, ஹல் என்று வருடாவருடம் அனுப்பியது. செல்சியின் முதல் அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாமல் 2019 இல் வெளியேறினார். அந்தக் காலத்தில் செல்சிக்கு ஒரே சமயத்தில் 40 பேர் அளவில் லோனில் இருந்தார்கள். இப்போது ஃபிஃபா அதற்கு வரம்பு வைத்திருக்கிறது. 2024 ஜூலை முதல் வெளிநாட்டு லோனில் 6 பேர்தான் வெளியே போகலாம், 6 பேர்தான் உள்ளே வரலாம். 21 வயது வரை உள்ளவர்களும் கிளப்பிலேயே வளர்ந்தவர்களும் கணக்கில் வரமாட்டார்கள். எங்கள் கணிப்பில் இரண்டு லோன் ஆரோக்கியம். மூன்றாவதைத் தாய் கிளப் முன்வைக்கும்போது விற்றுவிடச் சொல்லிக் கேட்கவேண்டும்.

கோல்கீப்பருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அந்த இடத்தில் ஒருவர்தான் ஆடமுடியும். 20 வயதுக் கீப்பரைப் பிரீமியர் லீக்கில் நிறுத்தப் பெரும்பாலான மேலாளர்களுக்குத் துணிவு வராது. ஜோர்டன் பிக்ஃபோர்டு சன்டர்லேண்டிலிருந்து டார்லிங்டன், ஆல்ஃபிரட்டன் என்று முதல் நான்கு அடுக்குகளுக்கும் கீழே தொடங்கி, பர்ட்டன், கார்லைல், பிராட்ஃபோர்டு, பிரெஸ்டன் என்று ஒவ்வொரு படியாக ஏறினார். ஆறு லோன். 2017 இல் எவர்ட்டன் 25 மில்லியன் பவுண்டு கொடுத்தது, மறுவருடம் உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் கீப்பர். கீப்பர் என்றால் எந்த லோனையும் மறுக்காதே, படி கீழே இருந்தாலும் சரி.

வெளிநாடு

கொல்கத்தாவில் இருந்த ஜேடன் சான்ச்சோ இறுதி ஆட்டத்தில் ஆடவில்லை. குழு ஆட்டங்கள் முடிந்ததும் போருசியா டார்ட்மண்ட் திரும்ப அழைத்துக்கொண்டது. அவர் அந்த ஆகஸ்டில்தான் மான்செஸ்டர் சிட்டியின் ஒப்பந்தத்தை மறுத்துவிட்டுச் சுமார் 8 மில்லியன் பவுண்டுக்கு அங்கே போயிருந்தார். 17 வயதுப் பையனை உலகக் கோப்பை நடுவே திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்றால் அவனை ஆடவைக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். 2018-19 இல் ஜெர்மன் லீக்கில் 12 கோல் அடித்தார், 14 கோலுக்குப் பந்து கொடுத்தார். 2018 அக்டோபரிலேயே இங்கிலாந்து தேசிய அணி. 2021 இல் மான்செஸ்டர் யுனைடெட் 73 மில்லியன் பவுண்டு கொடுத்து வாங்கியது. அந்தத் திரும்புதல் நன்றாக அமையவில்லை என்பது வேறு விஷயம். வேகமான மாற்றங்களுக்கு இடம் தரும் ஓர் அணியில் வளர்ந்தவர், அப்படி ஆடாத அணிக்குப் போனார்.

ஜூட் பெல்லிங்ஹாமும் 2020 இல் டார்ட்மண்ட் போனார். ஆனால் அவர் முதலில் பர்மிங்ஹாம் சிட்டியின் முதல் அணியில் ஒரு முழு சீசன், 41 லீக் ஆட்டம் ஆடிவிட்டுப் போனார். 16 வயது 38 நாளில் அறிமுகம். இது தனியாகக் கவனிக்கவேண்டியது: பெரிய அகாடமியின் பளபளப்பான பயிற்சிக் கட்டடத்தைவிட, இரண்டாம் அடுக்குக் கிளப்பின் முதல் அணி கதவு சீக்கிரம் திறக்கும்.

அவர்கள் போன வழியே இன்று ஒரு பையன் போகமுடியாது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபின், 2021 ஜனவரி முதல் 18 வயது நிரம்பாத ஆங்கிலேய வீரர் ஐரோப்பியக் கிளப்புக்கு மாறமுடியாது. 16 முதல் 18 வயது வரை இருந்த சலுகை ஒன்றியத்துக்குள் மட்டும்தான். 18 ஆனபின் வேலை அனுமதி வேண்டும். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு இடங்கள் சில மட்டுமே. அந்த இடத்தைப் பிரேசில் வீரருக்குக் கொடுக்கவே கிளப்புகள் பார்க்கும். ஜெர்மனியில் அப்படி உச்சவரம்பு இல்லாததால் இளம் ஆங்கிலேயருக்கு இன்றும் முதல் வாசல் அதுதான்.

லோனில் வெளிநாடு போவதை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். விலைகொடுத்து வாங்கினால் மட்டுமே போகலாம். ரீஸ் நெல்சன் 2018-19 இல் ஹாஃபன்ஹைமுக்கு லோனில் போய்த் தொடக்கத்தில் கோல் மழை பொழிந்தார். மொத்தம் 7 கோல் அடித்தும் பிற்பாதி சீசனில் இடம் சுருங்கியது. பணம் போட்ட கிளப் சரிவிலும் பொறுக்கும். மொழி தெரியாத ஊரில், ஆடாமல், தனி அடுக்குமாடி வீட்டில் நவம்பர் மாதம் கழிப்பது 19 வயதுக்கு எளிதல்ல. ஜெர்மன் வகுப்பு, வீட்டிலிருந்து ஒருவர் உடன் வந்து தங்கும் செலவு இரண்டையும் ஒப்பந்தப் பேச்சிலேயே வைக்கவேண்டும்.

விற்கச் சொல்லிப் போவது

இதைச் சொல்லும்போது முகம் சுளிப்பவர்கள் உண்டு. சிறுவயது முதல் இருந்த கிளப்பை விடுவது தோல்விபோலத் தோன்றுகிறது. கணக்கு வேறு சொல்கிறது. செல்சி 2021 இல் கெஹியைக் கிரிஸ்டல் பேலஸுக்கு விற்றது. அடுத்த மார்ச்சில் இங்கிலாந்துக்கு ஆடினார், 2024 ஐரோப்பியக் கோப்பையில் தேசிய அணியின் நடுத்தடுப்பாளர், 2025 மே மாதம் பேலஸ் தலைவராக எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கினார். கிப்ஸ்-வைட் ஷெஃபீல்டு யுனைடெட்டில் லோனில் ஒரு நல்ல சீசன் ஆடி, 2022 பிளேஆஃப் (பிரீமியர் லீக்குக்கு ஏற நடக்கும் கடைசிச் சுற்று) அரையிறுதியில் கூப்பரின் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிக்கு எதிராகவே கோல் அடித்தார். மூன்று மாதத்தில் ஃபாரஸ்ட் 25 மில்லியன் பவுண்டு முதல் தவணையாகக் கொடுத்து அவரை உல்வர்ஹாம்ப்டனிடமிருந்து வாங்கியது. பழைய பயிற்சியாளர், மறுபடியும்.

கோல் பால்மர் கொல்கத்தா அணியைவிட இரண்டு வயது இளையவர், ஃபோடனின் அதே சிட்டி அகாடமி. தங்கிப் பார்த்தார், அவருக்கு முன்னால் கூட்டம். 2023 செப்டம்பர் 1 அன்று சுமார் 40 மில்லியன் பவுண்டுக்குச் செல்சி போனார். முதல் சீசனில் 22 லீக் கோல். ஃபோடன் தங்கியதும் சரி, பால்மர் போனதும் சரி. ஒருவருக்கு முன்னால் இடம் காலியாகிக்கொண்டிருந்தது, இன்னொருவருக்கு ஆகவில்லை.

கிளப்புகளும் இப்போது விற்கத் தயார். அகாடமியில் வளர்ந்தவரை விற்றால் வரும் பணம் முழுவதும் கிளப்பின் கணக்கில் லாபமாக ஏறும். வாங்கிய வீரர் என்றால் மீதமுள்ள கொள்முதல் விலையைக் கழிக்கவேண்டும். ஆக, ஜூன் மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நெருக்கடியில் உள்ள கிளப்பிடம் விற்கச் சொல்வது கடினமல்ல. வாங்கும் கிளப்புக்கும் ஒரு ஆதாயம்: 25 பேர் பட்டியலில் உள்நாட்டில் பயின்றவர் அல்லாதோர் 17 பேருக்குமேல் இருக்கமுடியாது. இங்கிலாந்தில் பயின்ற பையனுக்கு அதனாலேயே விலை கூடுகிறது.

விற்பனையிலும் தவறு நடக்கும். ஸ்வான்சியில் 11 கோல் அடித்த புரூஸ்டரை 2020 அக்டோபரில் ஷெஃபீல்டு யுனைடெட் 23.5 மில்லியன் பவுண்டுக்கு லிவர்பூலிடமிருந்து வாங்கியது. 2018 இல் கடுமையான காயத்தால் ஒரு வருடத்துக்கு மேல் ஆடாதிருந்தவர். மூத்தோர் கால்பந்தில் அவருக்கு இருந்த அனுபவம் அரை சீசன். போனது பந்தையே அதிகம் பார்க்காத, கடைசி இடத்துக்குச் சரிந்துகொண்டிருந்த அணி. லீக்கில் 27 ஆட்டம், கோல் இல்லை. அவர் இன்னொரு முழு சீசன் இரண்டாம் அடுக்கில் ஆடியிருக்கவேண்டும். முன்கள வீரர் தனக்குப் பந்து வராத அணிக்கு, கிளப்பின் சாதனை விலையில், போகவே கூடாது. விலையைப் பார்வையாளர்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் நினைவு வைத்திருப்பார்கள்.

கீழிருந்து ஏறுவது

இது பெரும்பாலும் தானாகத் தேர்ந்தெடுப்பதல்ல, அகாடமி விடுவித்துவிடும். லெஸ்டரில் 2013 வசந்தத்தில் ஹாரி கேனோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜேமி வார்டி, 16 வயதில் ஷெஃபீல்டு வெட்னஸ்டே வேண்டாம் என்று விட்டவர். ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்ற சிறு கிளப்பில் வாரம் 30 பவுண்டுக்கு ஆடிக்கொண்டே, மருத்துவத் தாங்குகட்டைகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஹாலிஃபாக்ஸ், ஃபிளீட்வுட், 2012 இல் 1 மில்லியன் பவுண்டுக்கு லெஸ்டர். 2015-16 இல் தொடர்ந்து 11 லீக் ஆட்டத்தில் கோல், பிரீமியர் லீக் பட்டம்.

வழி இருக்கிறது, ஆனால் நிலைமை தெரிந்து போகவேண்டும். ஐந்தாம் அடுக்குக்குக் கீழே பல கிளப்புகள் பகுதிநேரம்தான். செவ்வாய், வியாழன் மாலை பயிற்சி, சனி ஆட்டம், பகலில் வேறு வேலை. செயற்கைப் புல் மைதானம் ஐந்தாம் அடுக்கு வரை உண்டு, நான்காம் அடுக்கில் அனுமதி இல்லை. அதனால்தான் ஹாரோகேட், சட்டன், பிராம்லி கிளப்புகள் மேலேறியதும் மைதானத்தையே பெயர்த்துப் புல் போட்டன. முழங்கால் பழுதுள்ளவர் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. ஒப்பந்தமே இல்லாமல் ஆடினால் ஏழு நாள் முன்னறிவிப்பில் வேறு கிளப் வந்து பேசலாம். நன்றாக ஆடும் பையனுக்கு அது வசதி, காயம்பட்டவனுக்கு அதுவே ஆபத்து.

ஆலி வாட்கின்ஸ் இதை லோனாகவே செய்தார். எக்ஸெட்டர் அவரை ஆறாம் அடுக்கு வெஸ்டன்-சூப்பர்-மேர் கிளப்புக்கு அனுப்பியது. அங்கிருந்து எக்ஸெட்டர், பிரென்ட்ஃபோர்டு, ஆஸ்டன் வில்லா. 2024 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் நெதர்லாந்தை வீழ்த்திய கடைசி நிமிடக் கோல் அவருடையது. பெரிய அகாடமியிலிருந்து ஒரு படி இறங்குவதற்கு நம்மவர் ஒருவரும் உதாரணமாகிவருகிறார்: வேல்ஸில் பிறந்த ஈழத்தமிழ்க் குடும்பத்து விமல் யோகநாதன் லிவர்பூல் அகாடமியிலிருந்து பார்ன்ஸ்லிக்கு வந்து 2024 இல் முதல் அணியில் இறங்கிவிட்டார்.

அமெரிக்கக் கல்லூரி, பட்டம் வேண்டும் என்பவருக்கு நல்லது. மான்செஸ்டர் யுனைடெட் அகாடமியை 14 வயதில் விட்ட ஜாக் ஹாரிசன், வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம் வழியாக 2016 இல் அமெரிக்க லீக் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டு, பின்பு லீட்ஸ் வழியே பிரீமியர் லீக் வந்தார். ஆனால் கல்லூரிப் பருவம் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை மட்டுமே. 18 வயதில் தொழில்முறை வாய்ப்பு கையில் இருப்பவர் அதைத் தள்ளிவிட்டுப் போகவேண்டியதில்லை.

தாளில் பார்க்கவேண்டியவை

24 வயதுக்குட்பட்டவரின் ஒப்பந்தம் முடியும்போது, மே மாத மூன்றாம் சனிக்கிழமைக்குள் கிளப் பழையதற்குக் குறையாத சம்பளத்தில் புது ஒப்பந்தம் தந்தால், அவர் வேறு ஆங்கிலக் கிளப்புக்குப் போனாலும் இழப்பீடு கேட்க உரிமை உண்டு. தொகை ஒத்துவராவிட்டால் தீர்ப்பாயம் முடிவுசெய்யும். 2016 இல் டேனி இங்ஸுக்காக லிவர்பூல் பர்ன்லிக்கு 6.5 மில்லியன் பவுண்டு கொடுக்கும்படி ஆனது இப்படித்தான். வாங்கும் சிறு கிளப் இந்தத் தொகைக்குப் பயந்து பின்வாங்கும். பையன் நடுவில் நிற்பான். வெளிநாட்டுக் கிளப்புக்கு இந்தத் தீர்ப்பாயம் பொருந்தாது, ஃபிஃபாவின் பயிற்சி இழப்பீடுதான். அது பெரிய கிளப்புக்கும் வருடத்துக்கு 90,000 யூரோ கணக்கில் சில லட்சத்தில் முடிந்துவிடும். ஏஞ்சல் கோம்ஸ் 2020 இல் மான்செஸ்டர் யுனைடெட் ஒப்பந்தத்தை முடியவிட்டுப் பிரான்ஸின் லீல் கிளப்புக்குப் போனபோது இந்த வித்தியாசம் அவருக்குச் சாதகமாக இருந்தது. நான்கு வருடம் கழித்து இங்கிலாந்து தேசிய அணிக்கு ஆடினார்.

சேரும்போது தரும் தொகை ஒரேயடியாக வராது. ஒப்பந்த வருடங்களுக்குச் சமமாகப் பிரித்துத்தான் வரும். நடுவில் வேறு கிளப்புக்கு மாற்றும்படி எழுத்தில் கேட்டால் மீதியை இழக்க நேரிடும். அதனால் கேட்பதை வாயால் கேட்கவேண்டும், கடிதம் கடைசி. லோன் காலத்தில் ஆட்டத்துக்கான போனஸ் எந்தக் கிளப் தரும், காயம்பட்டால் எந்த மருத்துவர் ஸ்கேனைப் பார்த்து முடிவெடுப்பார், தாய் கிளப்பின் எழுத்து அனுமதி இல்லாமல் எஃப்.ஏ. கோப்பை ஆடமுடியுமா என்ற மூன்றும் கையெழுத்துக்கு முன் எழுத்தில் இருக்கவேண்டும். வருமானம் 1,25,140 பவுண்டைத் தாண்டினால் அதற்கு மேல் 45 சதவீத வரி. 19 வயதில் கார் வாங்கும் முன் நிகரச் சம்பளம் என்ன என்று ஒரு கணக்காளரிடம் கேட்பது செலவல்ல.

ஒப்பந்தங்கள் ஜூன் 30 இல் முடிகின்றன, முன்பயிற்சி ஜூலை முதல் வாரத்தில் தொடங்கும். லோனோ விற்பனையோ, அந்த முதல் நாள் புதுக் கிளப்பின் மைதானத்தில் இருக்கும்படி முடிவெடுக்கவேண்டும். ஆகஸ்ட் கடைசியில் வந்து சேர்பவருக்காக மேலாளர் நான்கு வாரம் பழக்கிய அணியைக் கலைக்கமாட்டார்.